காற்றில் விடாத வாயு

சிலி நாட்டின் தென்கோடியில் இருக்கும் புந்தா அரேனாஸில் ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு நொல்பெர்தோ ஒயார்சோ கைராசிக்காரர். துறைமுகத்து மீன் கிடங்குகளின் குளிர் இயந்திரங்களையும் அவர்தான் பார்த்தார். நான் அவரிடம் வேலை செய்தேன். பழுதான ஃபிரிட்ஜ் பெட்டியில் குளிரூட்டும் வாயுவை, எல்லோரையும் போல நாங்களும் குழாயை வெட்டி வெளியே விட்டுவிடுவோம். மணமோ நிறமோ கிடையாது. காற்று கொண்டுபோய்விடும்.

அவர் மனைவி எதெல்வீனா கடற்கரையில் உட்கார்ந்து வலை தைப்பாள். செப்டம்பர், அக்டோபரில் குளிர் எலும்பைத் துளைக்கும், வெயில் சுடுவதே உறைக்காது. அந்த மாதங்களில்தான் எங்கள் தலைக்கு மேலே ஓசோன் மெலிந்துபோகும். புல்லையும் ஆட்டையும் மனிதரின் கண்ணையும் தோலையும் வெயிலின் நச்சுக் கதிரிலிருந்து காத்துநிற்கும் போர்வை அது. வெளியே போகாதீர்கள் என்று வானொலி எச்சரிக்கும்.

"தொப்பியாவது போட்டுக்கோ" என்பார் நொல்பெர்தோ.

"காத்து அதை அர்ஜென்டினாவுக்குத் தூக்கிட்டுப் போயிரும். நீ போய் எடுத்துட்டு வருவியா?"

கழுத்தில் வந்த கருப்பு மச்சத்தை அவள் பொருட்படுத்தவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது புற்று உள்ளே பரவியிருந்தது. குளிர் இயந்திர வாயுதான் ஓசோனைத் தின்கிறது என்று அங்கேதான் நொல்பெர்தோ முதன்முதலாகக் கேள்விப்பட்டார்.

"நான் விட்ட வாயுவாலயா, டாக்டர்?"

"உலகமே விட்டுச்சுங்க. இவங்களுக்கு எதனால வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

படுக்கையிலிருந்தே எதெல்வீனா சொன்னாள்: "ரொம்பப் பெருமை அடிச்சுக்காத. என் அலமாரிக் கதவையே உன்னால சரிபண்ண முடியல, நீ வானத்தை ஓட்டை போட்டியா?"

அவர் சிரித்தார். பிறகு வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதார்.

அவளை அடக்கம் செய்த பின் வாயுவை உறிஞ்சும் பம்பும் உருளைகளும் வாங்கினார். உறிஞ்ச நேரம் பிடித்ததால் ஒவ்வொரு வேலையும் இழுத்துக்கொண்டே போனது. கிடங்கு முதலாளி போர்க்கெஸ் கத்தினார்: "மீன் கெட்டுப்போகுது! ஊரே திறந்து விடுது, உன் ஒருத்தனால என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாதுங்க. ஆனா என் கையால இனி விடமாட்டேன்."

அந்தக் கிடங்கு கைவிட்டுப் போனது. அதற்குப் பிறகு தெருவில் வீசிய பெட்டிகளையும் இழுத்துவந்து வாயுவை உறிஞ்சினார். உருளைகள் நிறைந்ததும் அழிப்பதற்காகத் தலைநகர் சாந்தியாகோவுக்குக் கப்பலேற்றினோம்.

அந்த வாயுவை நிறுத்த நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒப்புக்கொண்டதால் ஓசோன் ஓட்டை மெல்ல மூடிவருகிறதாம். முழுதாக மூட இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும்.

"அப்ப நாம இருக்க மாட்டோமே" என்றேன் ஒருநாள்.

"அதுக்கென்ன? அந்தக் குழாயைக் கொஞ்சம் இறுக்கு, கசியுது" என்றார்.

சென்ற குளிர்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார்.