சாம்பாரில் கலந்த மாத்திரை

1. அட்மிஷன்

சங்கரபாண்டியன் அண்ணாச்சியை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தபோது முகம் செக்கச்செவேலென்று இருந்தது. ஓயாத வாந்தி. பிபி இறங்கிக்கொண்டே போனது. டெல்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் குடியிருந்த மத்திய அரசு கிளார்க் அவர், திருநெல்வேலிக்காரர். அலுவலக நண்பர் வீட்டில் ஒரே ஒரு பெக்தான் குடித்தாராம். நான் அப்போது அந்த ஆஸ்பத்திரியின் குடிநோய் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ்.

டிரிப் ஏற்றி முடித்ததும் அவர் மனைவி கோமதி என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"சிஸ்டர், டாக்டர் குடுத்த மாத்திரையப் பொடிச்சு சாம்பார்ல கலந்து போட்டேன். அவுகளுக்குத் தெரியாது."

டைசல்ஃபிராம், குடியை நிறுத்தக் கொடுக்கும் மருந்து. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் இப்படித்தான் ஆகும், உயிரே போகலாம். நோயாளி தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து. அவர் சிகிச்சைக்கு வரமாட்டேன் என்றதால், எங்கள் பெரிய டாக்டர் அதைக் கோமதியிடம் கொடுத்துச் சாப்பாட்டில் கலக்கச் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் இது சகஜம். குடிகாரனிடம் போய் என்ன கேட்பது என்ற நினைப்புதான்.

2. ரவுண்ட்ஸ்

பெரிய டாக்டர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். மறுநாள் கட்டிலருகே வந்து நின்றார்.

"அச்சா, பாருங்க, உங்க பாடி இனிமே தாரு தாங்காது. இன்னொரு வாட்டி குடிச்சா கதம்."

அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். "குடிக்காம இருக்க ஏதும் மாத்திரை இருந்தா குடுங்க சார். நானே முழுங்குதேன்."

அதே மாத்திரையைத்தான் கேட்கிறார் மனிதர். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? வெளியே வந்ததும் டாக்டரிடம் கேட்டேன்.

"பயந்திருக்கான்ல, பயப்படட்டும் சிஸ்டர். சொன்னா நம்ம மேல இருக்கற பரோசா, நம்பிக்கையே போயிடும்."

வைட்டமின் எழுதிக் கொடுத்து டிஸ்சார்ஜ் செய்தார். சாம்பாரில் கலப்பதை நிறுத்த வேண்டாம் என்று கோமதியிடம் தனியாகச் சொன்னார்.

3. மறுபடியும் அதே கட்டில்

சில மாதங்களில், கோமதி மாத்திரையைப் பொடிப்பதை அண்ணாச்சி பார்த்துவிட்டார்; கொடுத்தது டாக்டர்தான் என்றும் தெரிந்துவிட்டது. அதன்பிறகு வீட்டில் அவர் கை நனைக்கவில்லை. டாபாவில் சாப்பாடு, பழையபடி குடி. காமாலை முற்றி வந்தபோது வயிறு வீங்கியிருந்தது. ஊசியோடு நெருங்கினாலே கையை இழுத்துக்கொண்டார்.

"இதுல என்னத்தக் கலந்திருக்கீய?"

"ஒண்ணும் கலக்கல அண்ணாச்சி."

"டாக்டரும் அன்னைக்கு என் மூஞ்சியப் பாத்துத்தான சொன்னாரு."

தண்ணீரைக்கூடக் கோமதி முதலில் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும். அது தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் டம்ளரை வாங்குவார். ஊசியை அப்படிப் போட்டுக் காட்ட முடியாதே. ஒரு மருந்தையும் ஏற்காமல் அந்தக் கட்டிலிலேயே செத்துப்போனார்.

"உசுரு பொழைக்கட்டும்னுதான சிஸ்டர் கலந்தேன்?" என்று கோமதி கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. கையில் கொடுத்து அனுப்பியவர்மேல் இன்னும் ஆறவில்லை.

புதிதாக வார்டுக்கு வரும் பிள்ளைகளே, மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். எதற்கு என்று சொல்லுங்கள். ஸ்ட்ரிப்பை நோயாளியின் கண்முன்னே பிரியுங்கள். நேரமாகிறது என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். வேண்டாம் என்றால் அவர் வேண்டாம் என்றே சொல்லட்டும். அண்ணாச்சி அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார். அந்த மாத்திரையைக் கும்பிட்டுக் கேட்டவர் அவர்.