பம்பைக்காரன் கை

தோல் ஷாப்பில் முழங்கால் வரை ஆவாரம்பட்டைச் சாற்றில் நின்று தோல் மிதிக்கும்போதுகூடக் கன்னியப்பனின் விரல்கள் சும்மா இருப்பதில்லை. தொட்டி விளிம்பு அகப்பட்டால் தொட்டி விளிம்பு, இல்லாவிட்டால் சொந்தத் தொடை. கூட மிதிப்பவர்களின் கால்கள் தம்மை அறியாமலே அவன் தாளத்துக்கு வந்துவிடும். "ஏ கன்னியப்பா, பேஜார் பண்ணாதேடா!" என்று முதலாளி அதாவுல்லா சாயபு அதட்டுவார். நிறுத்துவான். அவர் முதுகைத் திருப்பியதும் மறுபடி ஆரம்பம்.

இருபது வருஷம் பம்பை அடித்த கை. ஆம்பூரைச் சுற்றி எந்த ஊரில் கங்கையம்மன் திருவிழா என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் அடித்து அம்மன் வராமல் போனதில்லை. ஏழெட்டுப் பேராவது தலைவிரித்து ஆடுவார்கள். அப்பேர்ப்பட்டவன் போன மாசியில் பம்பையை மைத்துனனிடம் கொடுத்துவிட்டு, ஞானஸ்நானம் வேண்டுமென்று உபதேசியார் சாமுவேலின் வீட்டு வாசலில் போய் நின்றான். ஊரே வாயைப் பிளந்தது. உபதேசியாரும்தான்.

"ஊர்ல அத்தினி பேர் மேலயும் சாமி வந்துச்சுங்க. எம்மேல ஒரு நாளும் வர்ல. நான் கூப்புட்றவன்தானே, என்னை யாரு கூப்புடுவா? நீங்க தெருவுல நின்னுகினு, ஆண்டவரு ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்புட்றாருன்னு சொன்னீங்களே, அன்னிலேர்ந்து என்னால ஒரு எடத்துல குந்த முடில."

ஜெபங்களையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டான். கைதான் அடங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் எல்லாரும் கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது, அவன் விரல்கள் பக்கத்திலிருந்த மரப்பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டன. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த பட்டம்மாளுக்கு உடம்பு உதறியது. மூன்று வருஷத்துக்கு முன் ஞானஸ்நானம் பெறும்வரை அவன் பம்பைக்கு ஆடியவள் அவள். கைக்குழந்தையைப் பாயில் போட்டுவிட்டுக் கொண்டை அவிழ ஆடியே விட்டாள்.

"இன்னாய்யா இது, அம்மனை இங்கயே இட்டாந்துட்டியே!" என்று உபதேசியார் கத்தினார். அடுத்த ஞாயிறு வேலூரிலிருந்து வெள்ளைக்காரப் பாதிரியார் வருகிறார். அன்றும் கை ஆடினால் ஞானஸ்நானம் கிடையாது, அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்.

பாவம், அந்த ஒரு வாரம் அவன் பட்ட பாடு! கைகளைத் துண்டால் கட்டிப் பார்த்தான். கால் கட்டைவிரல் தாளம் போட்டது. சோறு இறங்கவில்லை. போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "பேர் சொல்லிக் கூப்ட்டவரு, வாசல்லயே நிறுத்திடுவாரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஞாயிறு வந்தது. பாதிரியார் முன் முழந்தாளிட்டதுமே விரல்கள் துடிக்க ஆரம்பித்தன. கைகளை அக்குளில் செருகிக்கொண்டான். உபதேசியார் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பட்டம்மாள் எழுந்தாள். இன்னொரு ஆட்டம்தான் என்று எல்லாருக்கும் திக்கென்றது.

அவள் நேராக வந்து, சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தையை அவனிடம் நீட்டினாள். "இந்தாண்ணா, புடி. இதுக்குத் தட்னாத்தான் தூக்கம் வரும்."

தலையில் தண்ணீர் விழுந்தது. கன்னியப்பன் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அதன் முதுகில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தான்.