லோடு வண்டிக்கு இடமில்லை

தி.நகரில் இன்று என் பாத்திரக் கடை மூன்று மாடி. கல்யாண மாதங்களில் கார்க்காரர்கள் நிறுத்த இடமில்லாமல் தெருவையே சுற்றிச் சுற்றி வருவார்கள். அவர்களுக்காகவே கடைக்குப் பின்னால் ஒரு மனையை வாங்கிப் போட்டேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்த காரியம் இது. பெருமைக்குத்தான் சொல்கிறேன், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் ஒரு சைக்கிளை நிறுத்த இடம் கிடைக்காமல் நான் அலைந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. எவர்சில்வர் பாத்திரங்களை மூங்கில் கூடையில் அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு மாம்பலத்தில் தெருத்தெருவாகப் போவேன். பழைய பட்டுப்புடவையை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுப்பது தொழில். என்னைப்போல் பேசி விற்க அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. ராயப்பேட்டையில் ஒற்றை அறையில் குடியிருந்தோம், நானும் என் மனைவியும். அவளுக்கு இருமலில் ரத்தம் வந்தது. தாம்பரம் பக்கத்தில் இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை நோயாளிகளைப் பார்க்க விடுவார்கள். வீட்டுப் பெண்கள் சமையலை முடித்துவிட்டு வாசலுக்கு வந்து பேரம் பேசுகிற நேரமும் கிட்டத்தட்ட அதுதான். கூடையை ராயப்பேட்டையில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால் ஆஸ்பத்திரியில் ஆறு மணி அடித்துவிடும். அதனால் மாம்பலத்திலேயே வண்டியை விட்டுவிட்டு ரயில் ஏற வேண்டும். எங்கே விடுவது?

சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் என் கூடையைப் பார்த்ததுமே கையை ஆட்டினார்.

“லோடு வண்டி எட்த்துகினு உள்ள வராத நைனா. உன்னுது ஒண்ணு சாஞ்சா வரிசையா அத்தினியும் சாயும்.”

“ஓரமா நிறுத்திக்கிறேன் அண்ணாச்சி.”

“ஓரமா நிக்கும், சரி. உள்ள ஒரு சொம்பு கொறஞ்சா என்னியதான கேப்ப? கூடைய எறக்கிட்டு வா, ராஜா மாதிரி நிறுத்திக்கோ.”

டீக்கடைக்காரர் முடியாது என்றார். தையல்கடைக்காரர் வாசல் மறைக்கும் என்றார். கடைசியில் இரக்கப்பட்டது ஸ்டேஷன் படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூ விற்ற அம்மாள்தான். தன் பின்னால் இருந்த சுவரில் வண்டியைச் சாய்க்கச் சொன்னாள்.

“நான் இத்த தள்ளிகினு ஓடிட்டா இன்னா பண்ணுவ?”

“நீ ஓடுனா பாத்திரச் சத்தம் தாம்பரம் வரைக்கும் கேக்கும்க்கா. அங்கருந்தே புடிச்சிருவேன்.”

சிரித்துக்கொண்டே ஒரு முழம் பூவைக் கிள்ளிக் கொடுத்தாள். “பொண்டாட்டிக்குக் குடு, போ.”

வார்டுக்குள் நுழைந்தால் என் மனைவி உடம்பைப் பற்றிப் பேசவே மாட்டாள். “வண்டிய எங்க விட்டுட்டு வந்திய?” என்பதுதான் முதல் கேள்வி. பூக்காரம்மாளிடம் என்றால் முகம் தெளியும். பிறகு அன்று எந்தத் தெரு, எந்த வீட்டில் என்ன பேரம் என்று எல்லாம் கேட்பாள். கால் மணி நேரமோ அரை மணி நேரமோதான் கிடைக்கும். ஒரு நொடியும் சும்மா போகாது.

பங்குனியில் மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உற்சவம். பூ விற்கிறவர்கள் எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். ஸ்டேஷன் படியோரம் காலியாகக் கிடந்தது. மறுபடியும் ஸ்டாண்டு, மறுபடியும் டீக்கடை. கண் எதிரில் ஒரு ரயில் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. கயிற்றை அவிழ்த்தேன். வெறும் சைக்கிளை ஸ்டாண்டில் தள்ளினேன். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அடுத்த ரயிலில் நெருக்கியடித்து ஏறினேன்.

வார்டில் நர்ஸ் அதட்டினாள். “இங்க என்ன பாத்திரக் கடையா?” பக்கத்துக் கட்டில் அம்மாள், “தூக்குவாளி இருக்கா தம்பி?” என்று கேட்டாள். என் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமினாள். பிறகு கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். மேலே நான் காலையில் அடுக்கிய டம்ளர் வரிசை கலையாமல் இருந்தது. அவளுக்கா தெரியாது?

“இன்னைக்கு ஒண்ணுமே போகலியா?”

“காலையில வெயிலு. யாரும் கதவத் தொறக்கல.”

ஒரு சொம்பை எடுத்தாள். துடைத்து வைத்த புதுச் சொம்பு, பளபளவென்று இருந்தது. அதில் தன் முகத்தைப் பார்த்தாள். அந்த வார்டில் கண்ணாடி கிடையாது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மெதுவாகக் கூடையில் வைத்தாள்.

“இனிமே தினமும் வராதிய. ஞாயித்துக்கிழமை வந்தாப் போதும்.”

“அதெல்லாம் முடியாது.”

“யாவாரத்துக்கு நிக்க வேண்டிய நேரத்துல இங்க வந்து நிக்கிய. பெறவு நான் வீட்டுக்கு வந்து என்னத்தத் திங்க? சொன்னாக் கேக்கணும்லா.”

வீட்டுக்கு வந்து என்று அவள் சொன்னதில் எனக்குத் தெம்பு வந்தது. சரி என்றேன். வியாபாரத்துக்காகத்தான் சொன்னாள் என்று அன்று நம்பினேன். சொம்பில் பார்த்த அந்த முகத்தை நான் தினமும் பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள் என்று இப்போது படுகிறது.

அந்த வாரம் முழுக்க நன்றாக விற்றேன். அவளிடம் சொல்ல ஒவ்வொரு வீட்டுப் பேரத்தையும் மனதில் சேர்த்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கூடை இல்லை. ஸ்டாண்டில் பேச்சே இல்லாமல் இடம் கிடைத்தது. நாலு மணி அடிப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். இரண்டு மணி நேரமும் எனக்கே.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு மேலும் கீழும் இழுத்தது.

“விடிஞ்சதுலேர்ந்து மணி என்ன, மணி என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தாப்பா. இப்பத்தான் அசந்தா. எழுப்பட்டுமா?” என்றாள் பக்கத்துக் கட்டில் அம்மாள்.

வேண்டாம் என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு மணி அடித்தது. அவள் விழிக்கவில்லை. நர்ஸ் வந்து என் தோளைத் தொட்டாள். புதன்கிழமை விடியும்போது என் மனைவி போய்விட்டாள்.

சேர்த்து வைத்த பேரங்களை வேறு யாரிடம் சொல்வது? யாரிடமும் சொல்லவில்லை.