மூன்று சட்டைக்காரர்

எங்கள் குப்பை லாரி வருவதை ஹாரனை வைத்து யாரும் தெரிந்துகொண்டதில்லை. பின்னால் தொற்றிக்கொண்டு வருகிறவனின் வாயை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அதனால் அவனுக்குக் கச்சேரி என்று பெயர். சொந்தப் பெயர் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் வெளியே வரும்.

குப்பையைப் பார்த்தே வீட்டு நிலவரம் சொல்லிவிடுவான். "மாடி வீட்டுல டயட் ஆரம்பிச்சிட்டாங்க டிரைவரே, பார்சல் டப்பாவையே காணோம்," என்பான். அடுத்த வாரம், "டயட் படுத்துருச்சு, டப்பா வந்துருச்சு," என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவான். மாடி வீட்டுக்காரரும் ஜன்னலில் நின்று சிரிப்பார். நான் முன்னால் உட்கார்ந்து, பக்கக் கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அவன் பின்னால் இருந்தவரை அந்தக் கோபத்துக்கு அவ்வளவாக வேலை இருக்கவில்லை.

லிவர் அவன் கையில். தெருமுனையில் நிற்கும் பெரிய இரும்புத் தொட்டியை லாரியின் பின்னால் மாட்டினால், இயந்திரம் அதைத் தூக்கிக் கவிழ்க்கும். அவன் லிவரை இழுப்பான். ஒரு இரும்புப் பலகை இறங்கி வந்து, விழுந்ததையெல்லாம் நசுக்கி உள்ளே தள்ளும். நாற்காலியை நீட்டினாலும் அப்பளம்தான். பிறகு லாரியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுவான், நான் நகர்த்துவேன். ஒரு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். வருஷக்கணக்காக எங்களுக்குள் இதுதான் பாஷை.

மழை விட்ட ஒரு காலையில் மார்க்கெட் முனைத் தொட்டியைக் கவிழ்த்தான். நனைந்த அட்டைப்பெட்டிகள் விழுந்தன. லிவரை இழுத்தான். பலகை பாதி இறங்கியபோது, அட்டைகளுக்கு நடுவில் ஒரு கால் அசைந்தது. அவன் இயந்திரத்தை நிறுத்துகிற சிவப்பு பட்டனை அடித்தான். தொடர்ந்து லாரியை அடித்தான். ஒரு தட்டு இல்லை, கை வலிக்க வலிக்க அடித்தான். நான் ஓடிப் பார்த்தபோது உள்ளேயிருந்து ஒரு ஆள் எழுந்து உட்கார்ந்தான். மழைக்குத் தொட்டிக்குள் ஒதுங்கி, மூடியை இழுத்துவிட்டுத் தூங்கியிருக்கிறான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. எங்கள் இரண்டு பேர் குடும்பத்தையும் வண்டை வண்டையாகத் திட்டிவிட்டு, ஒற்றைச் செருப்போடு நடந்து போனான்.

அன்றைக்கு டீக்கடையில் அந்த ஆள் திட்டியதை அப்படியே நடித்துக் காட்டியவனும் கச்சேரிதான். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சூப்பர்வைசர், "ஒண்ணும் ஆகலல்ல, விடுங்கப்பா," என்று முடித்துவிட்டார். நானும் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சில நாள் கழித்து, லாரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"டிரைவரே, அன்னைக்குக் கால் அசைஞ்சுது. நிறுத்திட்டேன். சரி. அசையாத காலு எத்தனை போயிருக்கும்?"

"என்னய்யா பேசுற?"

"இத்தனை வருஷமா மூடியைத் தெறந்து பாத்தா கவுத்தேன்? குடிச்சுட்டுக் கெடக்கறவன், காய்ச்சல்ல கெடக்கறவன், அவனெல்லாம் அசைவானா?"

"அப்படி ஆகியிருந்தா தெரியாமப் போகுமா?"

"எப்படித் தெரியும்? யாரு தேடி வருவா? நீயே சொல்லு."

நாங்கள் நசுக்கியது ஊருக்கு வெளியே குப்பை மேட்டில் கொட்டப்படும், அதன்மேல் அடுத்த லாரி கொட்டும். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது. நான் ஏற்கெனவே கழுவின சக்கரத்தையே மறுபடி கழுவினேன்.

அதிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் இறங்க ஆரம்பித்தான். கையை விட்டுத் துழாவுவான், வெளியே வருவான், மறுபடி இறங்குவான். லாரிக்குப் பின்னால் வண்டிகள் வரிசை கட்டி அலறும். லிவரைப் பிடித்தவன் இழுக்காமல் விட்டுவிட்டு, மறுபடி எட்டிப் பார்ப்பான். கண்ணாடியில் அவன் வாய் அசையவே இல்லை. தெருவில் ஒரு அம்மா என்னிடம், "அந்தத் தம்பி வேலையை விட்டுடுச்சா? சத்தமே காணோமே," என்று கேட்டார். பின்னால் நின்றுகொண்டிருந்தவனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

வேலை தாமதமாகிறது என்று புகார் போனது. அலுவலகத்துக்கு அக்கறை பொத்துக்கொண்டு வந்து, மன அழுத்தம் பற்றிப் பேச ஒருவரை அழைத்து வந்தார்கள். நல்ல மனுஷர்தான். மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள் என்றார். மூச்சை இழுக்காமல் இருப்பதுதான் எங்கள் தொழிலே என்று அவருக்கு யார் சொல்வது? ஆஸ்பத்திரியில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் விடியற்காலையில் கை கால் எழும்பாது, போடாவிட்டால் கண் மூடாது. கடைசியில் சூப்பர்வைசர், "குணமானதும் வா," என்று அவனை வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் பேச்சுக்கு எங்கள் இடத்தில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு வந்த கோபத்தில் லாரிக் கதவைத்தான் அறைய முடிந்தது.

அவன் வீடு மொட்டை மாடியில் ஒற்றை அறை. கீழே வாசலில் அவன் மனைவி இஸ்திரி போடும் தள்ளுவண்டி வைத்திருந்தாள். நான் பார்க்கப் போனபோது அறையில் ஒரு பாத்திரத்துக்கும் மூடி இல்லை. தண்ணீர் டிரம்மும் பீரோக் கதவும் திறந்து கிடந்தன. சர்க்கரை டப்பாவில் எறும்பு மொய்த்தது.

"மூடினா எந்திரிச்சு வந்து தெறந்துடறாருண்ணே," என்றாள். "அந்தத் தொட்டி ஆளைத் தேடிக் கூட்டிட்டு வரலாமா? யாருக்கும் எதுவும் ஆகலன்னு அவரு வாயால சொன்னா இவருக்கு மனசு ஆறும்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இரண்டு பேருமாக விசாரித்து, பாலத்துக்கு அடியில் அந்த ஆளைப் பிடித்தோம். சாப்பாடு என்றதும் வந்தான். தட்டைக் காலி செய்துவிட்டு, கச்சேரியைப் பார்த்து மரியாதையாகவே பேசினான்.

"ஏண்ணே இதுக்குப் போய் மனசை ஒடச்சுக்கறீங்க? லாரி சத்தம் கேட்டா நாங்க எகிறி ஓடிடுவோம். அன்னைக்கு எனக்குப் போதை ஜாஸ்தி, அவ்வளவுதான்."

கச்சேரியின் முகம் எத்தனையோ நாளைக்குப் பிறகு இளகியது. அவன் மனைவி சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தோடு அந்த ஆள் எழுந்து போயிருக்கலாம். கூடுதல் ஆறுதலுக்கு ஒரு பேச்சுப் பேசினான்.

"எங்காளுங்க யாருக்கும் எதுவும் ஆனதில்லண்ணே. மூணு சட்டைக்காரரு ஒருத்தர்தான் போன மழையிலேர்ந்து கண்ணுல படல. அவரு எங்கயாவது போயிருப்பாரு."

"யாரு அது?" என்றான் கச்சேரி.

"மார்க்கெட் முனையில படுப்பாரு. ஒண்ணு மேல ஒண்ணா மூணு சட்டை போட்டிருப்பாரு. பேரு தெரியாது. காது சரியா கேக்காது பாவம்."

கச்சேரி எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

அன்றிலிருந்து அவனுக்கு அதுதான் வேலை. பஸ் ஸ்டாண்ட், ரயிலடி, ஆஸ்பத்திரி வாசல் என்று நாள் முழுக்கச் சுற்றினான். எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டான், காலரைத்தான் பார்ப்பான். எங்கள் லாரியைக் கண்டால் ஓடிவந்து, "அவரு மட்டும் கெடச்சுட்டா வேலைக்கு வந்துடுவேன் டிரைவரே, லிவரைப் பிடிச்சுடுவேன்," என்பான். ஒருமுறை பனியனுக்கு மேல் இரண்டு சட்டை போட்டிருந்த ஒருவரின் காலரை விலக்கிப் பார்க்கப் போய், நடுத்தெருவில் அறை வாங்கினான். அறைந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு அடுத்த ஆளை நோக்கி நடந்தான். நான் லாரியில் இருந்து பார்த்தேன். அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன வாரம் அவன் மனைவி லாரி ஷெட்டுக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை. முகம் பாதியாகியிருந்தது.

"அண்ணே, அந்த மூணு சட்டைக்காரரை இவரு நேர்ல பாத்ததே இல்லல்ல?"

"இல்லம்மா."

"முகம் எப்படின்னு யாரும் சொல்லலையே. சட்டையைத்தானே சொன்னாங்க?"

அவள் எங்கே வருகிறாள் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. பையைத் திறந்து காட்டினாள். உள்ளே மூன்று சட்டைகள். யாரோ இஸ்திரிக்குப் போட்டுவிட்டு வாங்க வராமல் போனவை. அவற்றைக் கசக்கி, மண்ணில் புரட்டி, ஒன்றின் தோள்பட்டையைக் கிழித்தும் வைத்திருந்தாள்.

"ஆளை மட்டும் நீங்க பாத்துக் குடுங்கண்ணே. வயசானவரா, காது கேக்காதவரா. பேசவே வேண்டாம். இதை மாட்டிக்கிட்டு அவரு கண்ணுல ஒரு தடவை பட்டா போதும்."

இது தப்பு, கண்டுபிடித்துவிடுவான், அப்புறம் யாரையுமே நம்பமாட்டான் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மேலே இருந்த சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

"கையில இஸ்திரி மடிப்பு இன்னும் தெரியுதும்மா," என்றேன்.

அவள் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்தக் கையை மறுபடியும் கசக்க ஆரம்பித்தாள்.