ஆடிக்குள் ஆற வேண்டிய இன்ஜின்

வீட்டில் கட்டுகிற விமானத்துக்கு ரேடியேட்டர் வைப்பது என்றால், எரிகிற அடுப்பு ஒன்றைக் கனக்காமல், கொதிக்காமல், யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைப்பது. இந்த வேலையில் மாட்டிக்கொண்ட சக கஷ்டக்காரர்களே, இது உங்களுக்காக.

நான் லாரிக்கும் டிராக்டருக்கும் ரேடியேட்டர் செய்கிறவன். வடகரப்பதியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பழனிச்சாமி அண்ணன், பழைய கார் இன்ஜினைப் போட்டு ஒரு சின்ன விமானம் கட்டினார். உடல் தயார். இன்னும் துணி ஒட்டாத இறக்கைகள் இரண்டும் மாட்டுக் கொட்டகைப் பரணில் கிடந்தன. விமானம் ஓடி மேலே கிளம்புவதற்கு, அவர்கள் மானாவாரியாக விதைக்கிற மேட்டுக்காடு வேண்டும். அவர் மனைவி ருக்மணி அக்கா கெடு வைத்தார்: ஆடி பிறப்பதற்குள் இன்ஜின் பத்து நிமிடம் முழு வேகத்தில் கொதிக்காமல் ஓடினால், இந்தப் போகம் காடு விமானத்துக்கு, கொதித்தால் நிலக்கடலைக்கு.

இருக்கைக்கு அடியில்

முன்னால் வைத்தால் மூக்கு அசிங்கமாகிவிடும் என்று அண்ணன் ஒப்பவில்லை. வாலில் வைத்தால் எடை பின்னுக்குச் சாயும் என்று நான் ஒப்பவில்லை. கடைசியில் சமாதானமாகி, ஓட்டுகிறவர் இருக்கைக்கு அடியில் வைத்தோம்.

அண்ணன் ஏறி உட்கார்ந்து இன்ஜினை முடுக்கினார். மூன்றாவது நிமிடம் நெளிந்தார். நாலாவது நிமிடம் பாதி எழுந்து நின்றபடி ஓட்டினார். ஐந்தாவது நிமிடம் அணைத்துவிட்டு மெதுவாக இறங்கி, வேட்டியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார்: "இட்லி வெந்திருச்சுங்க தம்பி."

மேற்கே பார்த்த மூக்கு

அடுத்து, ரேடியேட்டரை விமானத்தின் வயிற்றுக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் இறக்கினோம். வாலைத் தென்னையில் கட்டி ஓட்டினோம். பத்து நிமிடமும் சூடு காட்டுகிற முள் ஏறவில்லை. அண்ணன் எனக்கு இளநீர் வெட்டினார்.

ஆனி மாதம் பாலக்காட்டுக் கணவாயில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்கு, காயப்போட்ட துணியைப் பக்கத்து ஊரில் போய்ப் பொறுக்க வேண்டும். அந்தக் காற்றைப் பார்த்துத்தான் விமானத்தின் மூக்கை நிறுத்தியிருந்தோம். இன்ஜினை ஆற்றியது அந்தக் காற்றுதான் என்று எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. அக்காவுக்கு உறைத்தது. கிழக்கே திருப்பிக் கட்டச் சொன்னார். நாலே நிமிடத்தில் நீராவி கிளம்பியது. வெல்டிங் வேலை செய்யும் வேலுச்சாமி எங்களுக்கு ஆறுதல் சொன்னார்: "விடுங்க, மேக்க பாத்தே போயிட்டிருங்க. திரும்பி வந்தாத்தானுங்க கொதிக்கும்?"

அகலமான வாய்

உள்ளே போகிற காற்று போதவில்லை என்று பெட்டியின் முன்வாயை அகலமாக்கினேன். கொதித்தது. இன்னும் அகலமாக்கினேன். இன்னும் சீக்கிரம் கொதித்தது. மூன்றாம் முறைக்குப் பிறகு பெட்டி, கொட்டாவி விடுகிற எருமை மாதிரி இருந்தது.

ஆடிக்கு மூன்று நாள். உடைத்த விதைக்கடலையை முறத்தில் எடுத்துக்கொண்டு அக்கா வந்தார். பெட்டியின் பின்னால் குனிந்து பார்த்தார். உள்ளே போன காற்று வெளியே வர நான் விட்டிருந்தது, கை நுழையாத ஒரு சந்து. அக்கா நிமிர்ந்து என்னிடம் சொன்னார்: "போறதுக்கு வழி உடாம வாயில திணிச்சுட்டே இருந்தா, மனுசனுக்கே ஆகாதுங்களே."

பத்து நிமிடம்

பின்வழியை முன்வாயைவிடப் பெரிதாக வெட்டினேன். ஆனி கடைசி நாள், மூக்கு கிழக்கே. அக்கா செல்போனில் நேரம் வைத்தார். எட்டாவது நிமிடம் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது. ஒன்பது. பத்து. முள் கோட்டைத் தொடவில்லை.

அக்கா பேச்சு மாறவில்லை. விதைக்கடலையை வறுத்து, அதே முறத்தில் எங்கள் முன்னால் வைத்தார். ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, இறக்கையை இறக்க ஏணி கேட்டார் அண்ணன். அக்கா நகரவில்லை. "காடு குடுத்துட்டனுங்க. றெக்கைய மட்டும் பதினெட்டு நாளைக்குத் தொடாதீங்க, றெக்கைக்குள்ள கோழி முட்டை மேல அடையில இருக்குது."

ஆக, கொதிக்காத இன்ஜினோடு ஒரு கோழி எழுந்திருக்கக் காத்து நிற்கிற விமானம், இன்றைய தேதிக்கு என் தொழிலின் உச்சம்.