ஆற்றங்கரைக் குளியல் மண்டபம்

எங்கள் குவார்ட்டர்ஸ் இருக்கும் வளாகம் ஒரு காலத்தில் யாரோ பெரிய வியாபாரியின் கங்கைக்கரைத் தோட்ட பங்களா. பங்களாவை இடித்து, துறைமுக ஊழியர்களுக்கு அடுக்குக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். இடிக்கச் சோம்பல்பட்டதெல்லாம் மிச்சம்: தலை போன சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும் கேட் தூண்கள், காய்ந்துபோன நீரூற்றுத் தொட்டி, படித்துறை, அதை ஒட்டி அந்த வீட்டுப் பெண்கள் குளிப்பதற்கென்று கட்டிய மண்டபம்.

மண்டபத்துக்கு உள்ளேயே படிகள் தண்ணீருக்குள் இறங்கும். ஆற்றுப் பக்கம் இரும்புக் கம்பி. கரைப் பக்கம் சாய்ந்த மரப்பலகை ஜன்னல். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கட்டியவனுக்குப் பெண்கள்மேல் எவ்வளவு மரியாதை என்று காலனியில் பெருமைப்படுவார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும்.

என் கணவரின் மாற்றல்களில் ஊர் ஊராக வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்தவள் நான். கல்கத்தாவில் ஒருவழியாக டாக்குரியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மத்தியானம்தான் தேர்வு. அன்று அவர் லீவில் வீட்டில் டிவியை அலறவிட்டிருந்தார். நான் புடவை கட்டி, பையை மாட்டிக்கொண்டு, சொல்லவேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்க மண்டபத்துக்குப் போனேன். அங்கிருந்தே பஸ் பிடிப்பதாக எண்ணம். போன் சார்ஜரிலேயே தங்கிவிட்டது.

கீழ்ப்படியில் நின்று ஆற்றிடம் ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தபோது மேலே பூட்டு மாட்டும் சத்தம் கேட்டது. தோட்டக்காரர் மண்வெட்டி வைக்கும் இடமும் அதுதான்; கீழே நான் இருப்பது தெரியாமல் அதை எடுத்துக்கொண்டு பூட்டியிருக்கிறார். ஓடிப்போய்க் கதவைத் தட்டுவதற்குள் அவர் போய்விட்டார். அந்தக் காலத்துத் தேக்கு. என் கைதான் வலித்தது.

கொஞ்ச நேரத்தில் வளாகத்தின் வங்காளிக் காவலர் கரையோரம் வந்தார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் எங்கள் குவார்ட்டர்ஸ் தமிழர்களுக்கென்று ஒரு வங்காள இலக்கணம் உண்டு: ஆனாவையெல்லாம் ஓவன்னாவாக உருட்டினால் வங்காளம். ஜலம் ஜோல், வனம் போன். சாவிக்கு அவர்கள் சொல்வது சாபி; பதற்றத்தில் நான் அதையும் உருட்டிவிட்டேன்.

“தாதா, சோபி. சோபி, தாதா” என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, பலகை இடுக்கில் விரலை விட்டுத் திருகிக் காட்டினேன்.

“தூலுன் தீதி, தூலுன்” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

சோபி என்றால் படம். பழைய கட்டடங்களைப் போட்டோ எடுக்க ஆட்கள் வருவது வழக்கம். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தொண்டை கிழியக் கத்தினேன். அந்த நேரம் பார்த்து ஒரு கப்பல் சங்கு ஊதியது.

பிறகு ஆற்றில் கடலேற்றம் வந்தது. எங்கோ இருக்கிற கடல் தினமும் இதுவரை வந்து பார்த்துவிட்டுப் போகும். தண்ணீர் படி படியாக ஏற, நானும் ஏறினேன். பங்களாவே போய்விட்டது, பெண்களை அடைத்துவைத்த இந்தச் சுவரில் மட்டும் ஒரு செங்கல் பெயரவில்லை. இந்நேரம் என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

வெயில் சாய்ந்ததும் மண்வெட்டியோடு வந்த தோட்டக்காரர் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார், பாவம்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். என் கணவர் டிவியை நிறுத்திவிட்டு முழுதாகக் கேட்டார்.

“விடு. அடுத்த ஊர்ல பாத்துக்கலாம். ஒரு விதத்துல நல்லதாப் போச்சு.”

“எந்த விதத்துல?”

அவர் ரிமோட்டைத் தேடினார். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. காவலருக்கு நான் கேட்டது புரியவில்லை, அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.