டிரைவர் வேறு, முனுசாமி வேறு

போன செவ்வாய்க்கிழமை முதல் பஸ் குமணன்சாவடியில் நின்றபோது, கீரைக்கூடைக்காரம்மா படியில் கால் வைத்தபடியே சொன்னாள்: "கண்டக்டரே, நம்ம முனுசாமி அண்ணாத்தே பூட்டாருப்பா." நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். சில்லறையும் கொடுத்தேன். போரூர் தாண்டிய பிறகுதான் அண்ணன் காலமாகிவிட்டார் என்று அவள் சொன்னது எனக்குள் இறங்கியது.

பூந்தமல்லி ஷெட்டில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவர் ஓட்டிய பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தேன், அவ்வளவுதான் எனக்குள்ள உரிமை.

யுத்தத்துக்கு முன் எங்கள் பக்கத்தில் பஸ் டிரைவர் என்றால் தாசில்தாருக்கு அடுத்த மரியாதை. டீக்கடையில் அவருக்காக பெஞ்சில் இடம் விடுவார்கள். முனுசாமி அண்ணனோ வண்டியை நிறுத்தியதும் காக்கிக் கோட்டையும் தொப்பியையும் ஷெட் ஆணியில் மாட்டிவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போவார். வழியில் யாராவது "டைவரே" என்று கூப்பிட்டால், "டைவரு ஷெட்டுல கீறாரு நைனா. நான் முனுசாமி" என்று சிரிப்பார். நெடுநாள் அதை நான் வேடிக்கைப் பேச்சு என்றே நினைத்திருந்தேன்.

அவர் பாட்டைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். மார்கழி பஜனையில் தெருவே விழித்துக்கொள்ளும். சுருதிக்கும் அவருக்கும் பழக்கமே கிடையாது. பஜனை நடத்தும் பெரியவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "கொஞ்சம் மெள்ள பாடக்கூடாதா?" என்றார். "நல்லா பாடறதுக்கு நீங்க கீறீங்களே சாமி. நான் ஆசைக்குப் பாடறேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த அடியை இன்னும் உரக்கப் பாடினார். இதே மனிதர், வண்டி ஓட்டும்போது கியர் ஒரு முறை முனகினாலும் முகம் சுளிப்பார்.

பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடத் தொடங்கிய காலத்தில் அவர் கண் மங்கியது. ஒருநாள் பொழுது சாயும் நேரம். மாங்காட்டுக் கோயிலுக்குப் போய்த் திரும்பும் ஒரு குடும்பம் மாட்டு வண்டியில் எதிரே வந்தது. வண்டி நிறையக் குழந்தைகள். அண்ணன் பிரேக்கை மிதித்தபோது மாட்டின் மூச்சு எங்கள் விளக்குக் கண்ணாடியில் பட்டது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மாடு குறுக்கே வந்ததாகப் பிரயாணிகள் வண்டிக்காரனைத்தான் வைதார்கள். அண்ணன் கண்ணுக்கு அந்த வண்டி தெரியவே இல்லை என்பதை நான் மட்டும் கண்டுகொண்டேன்.

ஷெட்டுக்கு வந்ததும், "நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன் அண்ணாத்தே" என்றேன்.

"நீ இன்னாத்துக்கு சொல்லணும்? நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

மறுநாள் காலையில் முதலாளியிடம் போய், கண் சரியில்லை, இனிமேல் ஓட்டுவது பாவம் என்றார். முதலாளி நல்லவர்தான். ஆனால் அவரிடம் மிச்சமிருந்தது பஸ்ஸுக்குக் கரி போடுகிற வேலை ஒன்றே. வண்டியின் பின்னாலிருக்கும் உருளையில் கரியைக் கொட்டி, தீ மூட்டி, விசிறியைச் சுற்றவேண்டும். அண்ணன் அதையே வாங்கிக்கொண்டார். முதல் நாள், புது டிரைவர் ஏறி உட்கார்ந்தபோது அண்ணனின் பார்வை அந்த இருக்கையை விட்டு நகரவில்லை. பிறகு குனிந்து கரிக்கூடையைத் தூக்கினார்.

ஷெட்டில் சிலர் அவரை "கரி டைவரு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் திரும்பியே பார்க்கவில்லை. "முனுசாமி" என்று கூப்பிட்டால் வந்தார்.

அந்த சமயத்தில்தான் திருவேற்காட்டுப் பக்கத்திலிருந்து அவர் மகள் பவுனைப் பெண் பார்க்க வந்தார்கள். பேச்சு முன்பே தொடங்கியிருந்தது. அன்று நானும் அங்கே இருந்தேன். பாயில் உட்கார்ந்த பிள்ளையின் தகப்பனார் அண்ணனின் நகக்கண்ணில் இருந்த கரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "டைவரு ஊட்டுப் பொண்ணுன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தோம்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று. பவுனும் அவள் அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணன் குரலை உயர்த்தவில்லை.

"டைவருக்குப் பொண்ணு கெடையாதுங்க. முனுசாமிக்கு ஒரு பொண்ணு கீது. அத்தப் பாக்கறதுன்னா உக்காருங்க. பாக்கலன்னாலும் காப்பி சாப்டுட்டுப் போங்க."

தகப்பனார் எழுந்துவிட்டார். பிள்ளையின் அம்மா எழவில்லை. "நான் பொண்ணப் பாக்கத்தான் வந்தேன். நீ வேணும்னா வண்டியாண்ட போய் நில்லு" என்றாள். அவர் வாசல் வரை போனார். செருப்பை மாட்டினார். மறுபடி கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. அதிலும் அண்ணன் பாடினார்.

பெண் பார்த்த அன்று, அவர்கள் போன பிறகு நாங்கள் இருவரும் கடைத்தெருப் பக்கம் நடந்தோம். மனசு கேட்காமல், "உனக்கு வலிக்கவே வலிக்காதா அண்ணாத்தே?" என்று கேட்டுவிட்டேன்.

"வலிக்காம? ஸ்டியரிங்கு கையிலயே கீற மாரி கீது. தூக்கத்துல கால் பிரேக்கைத் தேடுது" என்றார். "ஆனா போனது வேலைதான் நைனா. நான் எங்க போனேன்? இதோ உன்னாண்ட பேசிக்கினு வரேனே."

நெஞ்சு நோவு வந்து இரண்டே நாளில் போய்விட்டார் என்று சாவு வீட்டில் பவுன் சொன்னாள். பாடையைத் தூக்கியவர்களில் அவள் மாமனாரும் இருந்தார். ஷெட்டிலிருந்து எல்லோரும் வந்திருந்தோம்.

இப்போது யுத்தம் முடிந்து வண்டிகள் மறுபடி பெட்ரோலில் ஓடுகின்றன. ஆட்களைக் குறைக்கப்போவதாகப் பேச்சு. யார் யார் என்று தெரியவில்லை. நானாகவும் இருக்கலாம். அது நடந்தால் எனக்கும் வலிக்கும், வலிக்காது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அன்று கடைத்தெருவில் என் பக்கத்தில் நடந்துவந்த அந்த மனிதரின் குரல் என்னிடம் இருக்கிறது. தன் வலியை ஒளிக்காத குரல், ஆனால் அந்த வலிக்குத் தன்னையே கொடுத்துவிடாத குரல். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது.